கணினி ஒலிக்கு எந்த வழி: மிக்சரா, தனி இன்டர்பேஸா, கிட்டார் புரொசெசரா?

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு முன்னறைதான் என் வகுப்பறை. மாலையில் ஊர்ப் பிள்ளைகள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரில் வருகிறார்கள். இரவு எட்டரைக்கு லண்டனிலிருந்து ஒரு பையன், காலை ஆறு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து இரண்டு சகோதரிகள் சூம் வழியாக வருகிறார்கள். கோயில் திருவிழாக் காலம் வந்தால் இசைக்குழுவோடு மேடை. இத்தனை இடத்திலும் தேவை ஒன்றுதான்: கணினியில் ஓடும் பின்னணி இசையும் என் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், யாருக்கு எது கேட்க வேண்டும் என்பது என் கையில் இருக்க வேண்டும்.

மூன்று வழிகளிலும் வேலை செய்து பார்த்துவிட்டேன். முதலில் பல ஒலிகளைக் கலக்கும் சிறிய மிக்சர், பிறகு கணினிக்குள் ஒலியை ஏற்றி இறக்கும் பெட்டியான ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்பேஸ், இப்போது கிட்டார் ஒலிக்கு விளைவுகள் சேர்க்கும் லைன் 6 ஹீலிக்ஸ் புரொசெசரின் யூஎஸ்பி. மூன்றாவதிலேயே தங்கிவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

மிக்சர் வழி எல்லோருக்கும் தெரிந்தது. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பி, புரொசெசரிலிருந்து ஒரு சோடிக் கம்பி, இரண்டும் மிக்சரில் சந்திக்கும். கையால் ஏற்றி இறக்கலாம். கணினி தெரியாதவரும் இயக்கலாம். அவசரத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் இரண்டு தொல்லைகள் என்னை விரட்டின. ஒன்று, இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு முனகல் எழும், கழற்றினால் அடங்கிவிடும். கணினிக்கும் மிக்சருக்கும் தனித்தனியே நிலத்தொடுப்பு இருந்து, ஒலிக் கம்பியின் உறை அவற்றை இணைத்து ஒரு வளையமாக்கும்போது, நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் அதன் வழியே பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பழைய வட்டமுனைச் சுவர்த்துளையும் புதிய சதுரமுனைப் பிளக்கும் கலந்து கிடக்கும் வீடுகளில், நடுவில் செருகும் அடாப்டரில் நிலமுனை தொடுகிறதா என்பதே சந்தேகம். மற்றது, உப்பு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடலோர வீட்டில் திறந்து கிடக்கும் உலோகம் எதுவும் பளபளப்பாக இருப்பதில்லை. ஒரு நாள் பாடம் நடுவில் இடப்பக்க ஒலி நின்றுபோனது. கம்பியை உருவிப் பார்த்தேன்: ஜாக் முனையின் கறுப்பு வளையத்துக்கு மேலே மெல்லிய பச்சைக் களிம்பு. துடைத்தால் வேலை செய்யும், இரண்டு வாரத்தில் மறுபடியும் வரும். ஒலி கடக்கும் தொடுப்புகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை இடத்திலும் இந்தக் களிம்புக்காக நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்டர்பேஸ் வந்ததும் ஹெட்போன் துளைக் கம்பி ஒழிந்தது, அதோடு முனகலும் பெருமளவு குறைந்தது. ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற பெட்டி கைக்கு அடக்கமானது, மைக்குக்கும் நல்லது. பாடுபவருக்கும், கணினி மென்பொருளிலேயே கிட்டார் ஒலியை உருவாக்கிக்கொள்பவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். என் சிக்கல் வேறு. என்னிடம் ஏற்கெனவே புரொசெசர் இருக்கிறது. அதன் இடது, வலது வெளியீடுகளை இன்டர்பேஸில் செருகினால் இருக்கிற இரண்டு உள்ளீடுகளும் நிரம்பிவிடும். நான் பேசுவதற்கு மைக்கை எங்கே செருகுவது? கிட்டாரை ஒற்றைத் தடமாக ஒடுக்கினால் விரிந்த எதிரொலியும் கோரஸும் தட்டையாகிவிடும். சில காலம் அப்படித்தான் ஒப்பேற்றினேன்.

இனி ஹீலிக்ஸ். 2015இல் வந்த கருவி இது. பலர் இதை மிதிபலகையாக மட்டும் பார்க்கிறார்கள். யூஎஸ்பி துளையைப் புதிய மென்பொருளை ஏற்ற மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அந்த ஒரே கம்பிக்குள் போவதற்கு 8, வருவதற்கு 8 ஒலித் தடங்கள் இருக்கின்றன. எல்லா வேறுபாடும் இதில்தான் பிறக்கிறது.

கணினியிலிருந்து 1, 2ஆம் தடங்களில் வரும் ஒலி நேரே ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் போய்விடும். கிட்டாருக்கு வைத்திருக்கும் டிஸ்டார்ஷனோ எதிரொலியோ அதைத் தொடாது. புரொசெசர் வழியாகப் பாட்டைக் கேட்டால் பாட்டும் கரகரவென்று ஆகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஆனால் 3, 4இலோ, 5, 6இலோ, 7, 8இலோ அனுப்பினால், அந்த ஒலியைக் கிட்டார் துளையைப் போலவே ஒரு பாதையின் (புரொசெசருக்குள் ஒலி ஓடும் வரிசை) தலைப்பில் உள்ளீடாக வைக்கலாம். அதன்பின் அது புரொசெசருக்குள் ஓடும் இன்னொரு வாத்தியம். அதற்குத் தனி ஈக்வலைசர், தனி அளவு, தனி வெளியீடு.

இதன் அருமை எனக்கு விளங்கியது ரொறன்ரோ வகுப்பில். சூமில் சொல்லிக்கொடுக்கும்போது மூன்று ஒலிகள் இருக்கின்றன: என் கிட்டார், பின்னணி இசை, மறுமுனையில் இருக்கும் பிள்ளையின் குரல். முதல் இரண்டும் பிள்ளைக்குப் போக வேண்டும், தாளம் பிசகாமல். மூன்றாவது எனக்கு மட்டும் கேட்க வேண்டும். பிள்ளைக்குத் திரும்பிப் போகக் கூடாது. சூமிலேயே கணினி ஒலியைப் பகிரும் வசதி உண்டுதான். அதில் பாட்டு ஒரு வழியாகவும் கிட்டார் வேறு வழியாகவும் போவதால் என் அனுபவத்தில் தாளம் நெருடியது. மெட்ரோனோம் பழக்க உட்கார்ந்த பிள்ளைக்குத் தாளம் நெருடினால் அந்த வகுப்பே வீண்.

ஹீலிக்ஸில் இதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். சூமின் ஸ்பீக்கராக ஹீலிக்ஸைத் தேர்ந்தால் பிள்ளையின் குரல் 1, 2இல் வந்து நேரே என் ஹெட்போனில் விழுகிறது. எந்தப் பாதைக்குள்ளும் நுழைவதில்லை, அதனால் திரும்பிப் போவதும் இல்லை. பின்னணி இசையை ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டை 3, 4க்கு மாற்றியிருக்கிறேன். ஹீலிக்ஸுக்குள் அந்தச் சோடியை ஒரு பாதையின் உள்ளீடாக்கி, கடைசியில் ‘மல்ட்டி’ என்ற வெளியீட்டுக்கு விடுகிறேன். மல்ட்டி என்பது ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் போவதோடு, கணினிக்குத் திரும்பும் 1, 2க்கும் போகும். கிட்டாரும் அதே மல்ட்டிக்குத்தான் போகிறது. ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் கலந்து, ஒரே கணத்தில் சூமின் மைக் வழியாகப் பிள்ளையை அடைகின்றன. முன்பக்க மைக் துளைக்கு இன்னொரு பாதை. சூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை மட்டும் மறக்காமல் போட வேண்டும். இல்லையென்றால் கிட்டாரின் நீண்ட சுரத்தை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டித் தள்ளிவிடும்.

முதல் வாரம் இதையே தலைகீழாகச் செய்திருந்தேன். மேக் கணினியின் ஓடியோ மிடி செட்டப்பில் கணினியின் முழு ஒலியையும் 3, 4க்குத் திருப்பிவிட்டிருந்தேன். மூத்த சகோதரி இரண்டு சுரம் வாசித்துவிட்டு நிறுத்தினாள். “சேர், நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது” என்றாள். அவளுடைய குரல் பாதைக்குள் நுழைந்து மல்ட்டி வழியாக மறுபடியும் ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. யூஎஸ்பி வழியாக உள்ளே வரும் ஒலியை மல்ட்டிக்கு விடும் முன் இது திரும்பிப் போக வேண்டிய ஒலியா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். போக வேண்டாத ஒலி என்றால் கடைசி வெளியீட்டை 1/4 அங்குல ஜாக்குக்கோ மூன்று முனை எக்ஸ்எல்ஆர் துளைக்கோ மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்கார்லெட் 2ஐ2இன் 4ஆம் தலைமுறையில் லூப்பேக் உண்டு. கணினியின் ஒலியை மறுபடியும் கணினிக்குத் தருவது அது. ஆனால் பாட்டும் பிள்ளையின் குரலும் ஒரே சோடியில் ஓடினால் இரண்டும் சேர்ந்தே திரும்பும். பிரித்தெடுக்கக் கணினிக்குள் வேறொரு மென்பொருள் வேண்டும். தடங்கள் பல இருப்பதன் பயன் இங்கேதான்.

மேடையில் இதே பிரிப்பு வேறு உருவம் எடுக்கிறது. பின்னணி இசை 3, 4இல் வந்து எக்ஸ்எல்ஆர் வழியாக ஒலிபெருக்கிக்காரரின் மிக்சருக்குப் போகிறது. தாளத் தட்டல் 5, 6இல் வந்து ‘சென்ட்’ என்ற கூடுதல் வெளியீட்டுத் துளை வழியாக, ஒரு சிறிய ஹெட்போன் பெருக்கி ஊடாக டிரம்ஸ் வாசிப்பவரின் காதுக்கு மட்டும் போகிறது. பார்வையாளருக்கு அது ஒரு துளியும் கேட்பதில்லை. பின்னணி இசையின் பாதையில் ஒரு வால்யூம் பெடலை வைத்திருக்கிறேன். பாடகர் கடைசி வரியை நீட்டும்போது காலாலேயே இசையை மெல்லத் தணிக்கிறேன். கைகள் கிட்டாரில் இருக்கும்போது இதை மடிக்கணினியிலோ மிக்சரிலோ செய்ய முடியாது. மேடையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அது.

பதிவு செய்பவர்களுக்கு ஒரு வரி: எந்த ஒலி விளைவும் சேராத வெறும் கிட்டார் 7, 8இல் தனியே கணினிக்கு வருகிறது. அதைச் சேமித்துக்கொண்டு பிறகு 3, 4 வழியாகத் திருப்பி அனுப்பி, ஆம்ப்பை மாற்றிப் பதிவு செய்யலாம்.

குறைகளும் உண்டு. பெரிய ஒலிக் குமிழைத் திருப்பினால் அதற்கு ஒதுக்கிய வெளியீட்டில் கிட்டாரும் பாட்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கணினியில் ஒரு செய்தி கேட்பதற்கும் முழுப் பலகையையும் போட வேண்டும். யூஎஸ்பி துளையைக் கண்போலக் காக்க வேண்டும். யாராவது கம்பியில் தடுக்கினால் துளையின் பற்றாசு விட்டுப்போகும். நான் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பலகையின் ஓரத்தில் கட்டி வைத்திருக்கிறேன், இழுப்பு துளைக்குப் போகாது. வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இதே குடும்பத்தின் ஹீலிக்ஸ் எல்டி என்ற கருவியில் மைக் துளை இல்லை. என்னைப் போலப் பேசிப் பாடம் நடத்துபவருக்கு அது பெரிய குறை.

விண்டோஸில் நான் அதிக நாள் வேலை செய்ததில்லை. நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை (கணினியையும் கருவியையும் இணைக்கும் மென்பொருள்) நிறுவாமல் 2க்கு மேற்பட்ட தடங்களைத் தேட வேண்டாம் என்பது மட்டும் உறுதி. சாதாரண மென்பொருள்கள் முதல் சோடியோடு நின்றுவிடும். மற்ற நிறுவனங்களின் கருவிகளில் ஃப்ராக்டல் எஃப்எம்3ஐ ஒரு நண்பர் வீட்டில் ஒரு மாலை மட்டும் வாசித்தேன். அதில் போக 4, வர 4 தடங்கள். மாதிரி வேகம் (ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்பது) 48 கிலோஹேர்ட்ஸில் நிலையாக நிற்கும், கணினியை நாம்தான் அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். யூஎஸ்பியில் இரண்டே தடங்கள் கொண்ட மலிவான புரொசெசர்கள் பாட்டோடு சேர்ந்து பழகப் போதும். மேலே சொன்ன பிரிப்பை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய இன்டர்பேஸை நான் விற்கவில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ மேடை இருக்கும் நாளில் ஹீலிக்ஸ் இரவு வெகுநேரம் வரை வீட்டில் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் சாமான்கள் மறுநாள்தான் திரும்பும். ஆனால் எங்கள் நேரம் காலை ஆறு மணிக்கு ரொறன்ரோவில் இரண்டு பிள்ளைகள் கிட்டாரை மடியில் வைத்துக் காத்திருப்பார்கள். அதற்காக அந்த இன்டர்பேஸ் மேசை இழுப்பறையில், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டோடு இருக்கிறது.