டிரெய்லர் ஹப் வேலைக்கு விடுகிறவர்கள் கவனம்: 48,500 வாங்கிக்கொண்டு பழைய பேரிங்கை மாட்டி அனுப்பினார்கள்

டிரெய்லர் வைத்திருக்கிறவர்களும் ஓட்டுகிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. விஷயம் புகாராகப் போகிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பைபாஸ் ஓரத்தில் இருக்கிற, டிரெய்லர் அச்சு வேலை மட்டுமே பார்க்கிற, வாசலில் பெரிய போர்டு மாட்டியிருக்கிற ஒரு பட்டறை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். ஆறு ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுவில் அச்சு முனையில் சுற்றுகிற குடம்) புது பேரிங் (அது உராயாமல் சுற்ற உள்ளே இருக்கிற உருளை வளையம்) என்று 48,500 ரூபாய் வாங்கினார்கள். புதுசு போட்டது ஒரே ஒரு ஹப்பில். அதனால் எனக்கு இன்றைக்கு மொத்தமாகப் போனது 1,92,000 ரூபாய். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது மூன்று அச்சு, 40 அடி டிரெய்லர். ஒரே வண்டி. கரூரிலிருந்து ஏற்றுமதி கன்டெய்னர் ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்குகிற ஓட்டம். நானும் ஓட்டுவேன், ஒரு டிரைவர் தம்பியும் ஓட்டுவான். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருகிறது, அதற்குள் ஹப்பை எல்லாம் பிரித்துக் கிரீஸ் மாற்றிவிடலாம் என்றுதான் அந்தப் பட்டறைக்கு விட்டேன்.

ஜாக்கி போட்டு முதல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்கள். உள்ளே கரகரவென்று அரைக்கிற சத்தம் எனக்கே கேட்டது. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. "அண்ணா, கிரீஸ் மட்டும் மாத்தினா பிரயோஜனம் இல்லைங்க, பேரிங்கே போயிருச்சு. ஒண்ணு போயிருந்தா மத்ததும் அதே நிலைமையிலதான் இருக்கும். மொத்தமா மாத்திருங்க, அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் பட்டறைக்காரர். பேச்சில் ஒரு அவசரம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் நினைத்து நினைத்து வயிறு எரிகிறது. பன்னிரண்டு பெட்டியையும் மேஜையில் அடுக்கினார். பெரிய கம்பெனிப் பெட்டி, சீல் உடையாதது. ஒவ்வொரு ஹப்புக்கும் உள் பேரிங் 33118, வெளி பேரிங் 33213. இந்த நம்பரில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும், முதலாவது 90, இரண்டாவது 65. அதைக்கூட எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் கண் முன்னாலேயே முதல் ஹப்பைச் செய்தார்கள். பேரிங்கின் வெளி வளையமான பழைய கப்பைத் தட்டி எடுத்தார்கள், ஹப்பை டீசலில் கழுவித் துடைத்தார்கள், புது கப்பை நேராக இறக்கினார்கள், ரோலர்களுக்கு நடுவில் கிரீஸ் ஏறும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி நிரப்பினார்கள், புது ஆயில் சீல் போட்டார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, நுண்ணிய அசைவைக் காட்டுகிற டயல் கேஜை வைத்து ஆட்டத்தை அளந்தும் காட்டினார்கள். முள் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழேதான் அசைந்தது. இப்படி ஆட்டம் அளந்து விடுகிற பட்டறையை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததே கிடையாது. பெரும்பாலும் கைக்கணக்குத்தான்.

"மிச்சம் அஞ்சும் இதே மாதிரிதாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீங்க, சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். சாயந்திரம் வண்டி தயார். பன்னிரண்டு காலிப் பெட்டியையும் ஒரு சாக்கில் கட்டிக் கையில் கொடுத்தார், "நாளைக்கு நீங்க எங்களைச் சந்தேகப்படக் கூடாது பாருங்க" என்று சொல்லி. பழைய பேரிங்கைக் கேட்டேன். "பையன் இரும்புக் கடைக்குப் போட்டுட்டான், அதுக்குண்டான காசைக் கூலியில கழிச்சாச்சு" என்றார். கூலி, கிரீஸ், சீல் எல்லாம் சேர்த்து 48,500 ஜீபேயில் போட்டேன்.

லோடு ஏற்றிய ஓட்டத்தில், எலியார்பத்தி டோலைத் தாண்டி டீக்கு நிறுத்திய இடத்தில் டிரைவர் தம்பி வழக்கம்போல ஹப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். மற்றவை எல்லாம் கை வைக்கிற சூடு. இடது கடைசி ஹப்பில் விரலே வைக்க முடியவில்லை. பட்டறை நம்பர் அவனிடமும் இருந்தது, உடனே கூப்பிட்டிருக்கிறான். அவர்கள் சொன்ன பதில்: "புது பேரிங் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும் தம்பி, ஓட ஓட செட் ஆயிரும், நீ போ." இந்த வார்த்தை அவன் செல்போனில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

எட்டயபுரம் பக்கம் வரும்போது பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து, லைட் போட்டு நிறுத்தியிருக்கிறார். இடது கடைசிச் சக்கரத்தில் புகை மட்டும் இல்லை, தீயே பிடித்துவிட்டது. கிரீஸ் உருகி பிரேக் டிரம் பக்கம் வழிந்து எரிந்து, உள் டயர் பற்றி, அதிலிருந்து வெளி டயரும் பற்றியிருக்கிறது. தீயணைப்பானும் மண்ணும் போட்டு அந்த லாரிக்காரரும் இவனும்தான் அணைத்தார்கள். அந்த அண்ணன் யாரென்று தெரியாது, அவருக்கு என் கும்பிடு.

மூன்று அச்சுக்குச் சட்டப்படி 27 டன் ஏற்றலாம். ஒரு ஹப்பின் தலையில் நாலரை டன். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடினால் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்தச் சூட்டில் நட்டும் பிய்ந்து சக்கரம் கழன்றிருந்தால், எதிரில் டூவீலரில் வந்த எவன் வீட்டுப் பிள்ளையோ போயிருப்பான்! என் டிரைவர் ஜெயிலில் இருந்திருப்பான். அவர்கள் கடையில் டீ ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கோவில்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் ஹப்பைப் பிரித்தார். உள் பேரிங்கில் ரோலர்களைப் பிடித்து வைக்கிற கூடு உருகி, ரோலர்கள் உருண்டை போய்த் தட்டையாகத் தேய்ந்து, உள் வளையமான கோன், ஸ்பிண்டிலோடு (ஹப் மாட்டுகிற அச்சு முனை) ஒட்டிப் பிடித்திருந்தது. ஸ்பிண்டில் நீலம் பாரித்திருந்தது. "இது புதுசு இல்லைங்க" என்றார் அவர். எரிந்துபோனதை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வலது பக்கம் அதே அச்சில் இருந்த, எரியாத ஹப்பைப் பிரித்துக் காட்டினார். மேலே மட்டும் பளபளவென்று புது கிரீஸ் பூச்சு. விரலால் தோண்டினால் அடியில் தார் மாதிரி கறுத்து இறுகின பழைய கிரீஸ். துடைத்துவிட்டுக் கப்பைப் பார்த்தால் ரோலர் ஓடுகிற பாதை முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை, அதில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பொரி பொரியாகக் குழி. கோனில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரில் தேய்த்திருந்தார்கள். கப் ஒரு கம்பெனி, கோன் இன்னொரு கம்பெனி. சீல் மட்டும் புதுசு, வெளியே தெரிவது அதுதானே.

ஆறு ஹப்பையும் பிரித்தோம். நான் பக்கத்தில் நின்று பார்த்த அந்த முதல் ஹப்பில் மட்டும் அசல் பேரிங், ஒரு குறை சொல்ல முடியாத வேலை. மிச்சம் ஐந்திலும் எங்கோ கழற்றிய பழசு. பத்துப் பெட்டிப் பேரிங் அவர்கள் அலமாரிக்கே திரும்பிப் போய், காலிப் பெட்டி என் சாக்குக்கு வந்திருக்கிறது.

சரி, கணக்கு. பட்டறைக்குக் கொடுத்தது 48,500. ஸ்பிண்டில் போனதால் அச்சையே மாற்றியது 62,000. ஹப்பும் டிரம்மும் 14,500. இரண்டு டயர் 38,000. கிரேன் வைத்துக் கன்டெய்னரை வேறு டிரெய்லருக்கு மாற்றித் துறைமுகத்துக்கு அனுப்பியது 29,000. மொத்தம் 1,92,000 ரூபாய். கப்பலுக்கான கடைசி நேரம் தவறாமல் கன்டெய்னர் உள்ளே போனது பெரிய புண்ணியம், இல்லாவிட்டால் பார்ட்டியும் போயிருக்கும். வண்டி நின்ற நாட்களின் வாடகை, இ.எம்.ஐ. எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

பட்டறைக்குப் போன் செய்தேன். முதலில், "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க." எடைச் சீட்டை அனுப்பினேன். அடுத்து, "டிரைவர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருப்பார், லைனிங் சூடுதான் ஹப்புக்கு இறங்கியிருக்கு." லைனிங் படத்தையும் அனுப்பினேன். அப்புறம், "பேரிங்குக்கு நாங்க பொறுப்பு இல்லைங்க, கம்பெனிக்காரன்கிட்ட வாரண்டி கேளுங்க." உங்கள் கடையில் கம்பெனி பேரிங்கே போடவில்லையே என்றதும் ஓனர் ஊரில் இல்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்கு "அண்ணா அண்ணா" என்று டீ கொடுத்த அதே குரல்தான் "ஓனர் வந்ததும் சொல்றேங்க" என்கிறது. ஓனரே அவர்தான்!

நேரில் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. பில்லை எடுத்துக் காட்டினேன். "பேரிங் 12 என்றுதானே போட்டிருக்கு, எந்தக் கம்பெனி என்று போட்டிருக்கா? பழசு புதுசு என்று போட்டிருக்கா?" என்று கேட்கிறார். காலிப் பெட்டிச் சாக்கைக் காட்டினால், "அந்தப் பெட்டி எங்க வேணும்னாலும் கிடைக்கும்" என்கிறார். கடைசியில் குரலை இறக்கி, "அந்தப் பழைய பேரிங்கை எல்லாம் கொண்டு வந்து கொடுங்க, பேசி ஏதாவது பார்த்துக் கொடுக்கறேன்" என்றார். கொடுத்தால் சாட்சியும் போச்சு, 1,92,000 ரூபாயும் போச்சு. கொடுக்கவில்லை. எல்லாம் தேதி எழுதிய பையில் என் வீட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இப்போது என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். லாரி வைத்திருக்கிறவன் வணிகம் செய்கிறவன், அவனுக்கு அங்கே இடமில்லை என்று ஒருவர் பயமுறுத்தினார். அப்படியே நம்பிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்குவதை வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒற்றை வண்டியை வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறவன் நான், அந்த வாதத்தைத்தான் வைக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம், தமிழில் பேசலாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், அச்சு வேலை நடக்கிற இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், அதனால் சுருக்கமாக. கடைசி ஹப் மூடுகிற வரை நீங்களோ உங்கள் ஆளோ அங்கிருந்து நகராதீர்கள், சாப்பாட்டுக்கு அனுப்பினால் சாப்பாட்டை அங்கேயே வரவழையுங்கள். ஒவ்வொரு பேரிங்கும் ஹப்புக்குள் போகும் முன் கப், கோன் இரண்டிலும் உள்ள நம்பரைப் போட்டோ எடுங்கள். கப்பை விட்டுவிட்டுக் கோனை மட்டும் மாற்றுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டியின் மேல் உள்ள குறியீட்டைச் சோதிக்கப் பெரிய கம்பெனிகள் ஆப் வைத்திருக்கின்றன, பிரிக்கும் முன் சோதியுங்கள். பழைய பேரிங்கைக் கையோடு வாங்குங்கள், இரும்புக் கடைக்குப் போட்டாச்சு என்றால் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் கம்பெனி பெயர், நம்பர், புதுசு என்ற வார்த்தை மூன்றும் வேண்டும். வேலை முடிந்து முதல் ஓட்டத்தில் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி ஆறு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால், பட்டறைக்காரன் செட் ஆகிவிடும் என்று சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள், ஓட்டாதீர்கள்.

கரூர், நாமக்கல், சங்ககிரி பக்கம் இதே மாதிரி காலிப் பெட்டிச் சாக்கு வாங்கினவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஹப்பை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பழசு இருந்தால் எனக்கு எழுதுங்கள். புகாரில் சேர்த்துப் போடலாம்.