டூயல் பூட் போடக் கொடுத்தேன், டிரைவையே அழித்துக் கொடுத்தார்

விண்டோஸ் 11 இருக்கும் என் லேப்டாப்பில் உபுண்டு என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்துப் போட்டுத் தரச் சொல்லி (இதுதான் டூயல் பூட்) ஒரு சர்வீஸ் ஆளிடம் கொடுத்தேன். "விண்டோஸ்ல கையே வைக்க மாட்டேன் சார், அரை நாள் வேலை" என்றார். மறுநாள் வாங்கி வந்து ஆன் செய்தால் மெனுவில் இரண்டும் இருந்தன. விண்டோஸுக்குள் போனேன். புதிதாக வாங்கிய மெஷின் மாதிரி வெறும் டெஸ்க்டாப். மூன்று வருட மொழிபெயர்ப்பு வேலை, இறந்துபோன அம்மா பேசிய பதிவுகள், எதுவுமே இல்லை.

"உங்க விண்டோஸ் முன்னாடியே கரப்ட் சார், அதான் ஃபார்மட் பண்ணேன்" என்றார். கொடுத்த அன்று காலைகூட அதில்தான் வேலை பார்த்தேன். விடாமல் கேட்டபோதுதான் உண்மை வந்தது: "நீலத் திரை வந்து ஏதோ கீ கேட்டுச்சு."

அது, டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் கேட்ட 48 இலக்க ரெக்கவரி கீ. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததுமே டிரைவை என்கிரிப்ட் செய்துவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடும். நமக்குத் தெரிவதுகூட இல்லை. இவர் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான சிஸ்டம் மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பை, ஆஃப் செய்திருக்கிறார். பூட் அமைப்பு மாறியதும், டிரைவின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் அதைத் தராது, பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். உபுண்டு செக்யூர் பூட் ஆனில் இருந்தாலே ஏறும். ஆஃப் செய்ய வேண்டிய தேவையே இல்லை! திரும்ப ஆன் செய்திருந்தாலே பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

அன்று இரவு போனில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தேன். லேப்டாப் பெயருக்குக் கீழே அந்த கீ இருந்தது, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒரு போன் செய்து கேட்டிருந்தால் அங்கேயே படித்துச் சொல்லியிருப்பேன். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. இனி அந்த கீயால் பயனில்லை. என்கிரிப்ட் ஆன எஸ்எஸ்டி, ஃபார்மட் செய்து மேலேயே புது விண்டோஸும் ஏற்றியாகிவிட்டது. டேட்டா ரெக்கவரி செய்பவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

பேக்கப் எடுக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் டிரைவை அழிக்க, கேட்காமல் துணிவதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். அதை வைத்து நான் என்ன செய்ய?

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் வேறொரு மெஷினில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் (விண்டோஸை முழுதாக மூடாமல் வைத்து வேகமாக ஆன் செய்யும் வசதி) ஆஃப் செய்யுங்கள். உபுண்டுவுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே நீங்களே ஒதுக்கிவிடலாம். இன்ஸ்டால் செய்யும்போது 'முழு டிஸ்கையும் அழி' என்ற தேர்வும் வரும், அதைத் தொடக்கூடாது என்று சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். அதற்கும் முன்னால், "பிட்லாக்கர் ஆன்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.