மதுரையிலிருந்து யாழ்ப்பாணம்: தொண்டி வழியா, தனுஷ்கோடி வழியா?

செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறக்க இரண்டு வழி. தொண்டியில் கரையை விட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு, சுமார் 217 கிலோமீட்டர். தனுஷ்கோடி, தலைமன்னார், பூநகரி என்று கரையோரமாகவே போனால் 100 கிலோமீட்டர் கூடும்: 110 நாட் (மணிக்கு 110 கடல்மைல், சுமார் 204 கிலோமீட்டர்) வேகத்தில் அரைமணி நேரம், ஏறத்தாழ 17 லிட்டர் எரிபொருள்.

அந்த 17 லிட்டரைத் தயங்காமல் செலவழியுங்கள். எஞ்சின் நின்றால் இந்த விமானம் 1,000 அடி உயரத்துக்கு ஒன்றரை கடல்மைல் சறுக்கும்; 8,000 அடியில் 12 கடல்மைல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 16 கடல்மைல்தான், நட்டநடுவில் நின்றாலும் ஒரு கரை எட்டும். தொண்டி–நெடுந்தீவு 42. அதில் பத்து நிமிடம் இரு கரையும் எட்டாது. ஆடி மாத மேல்காற்றை எதிர்த்துத் திரும்பும்போது இன்னும் நீளும்.

தனுஷ்கோடி வழியில் உச்சிப்புளி கடற்படை விமானதளம் குறுக்கே வரும், முன்பே பேசிவிடுங்கள். பறப்புத் திட்டமும் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் (வான்பாதுகாப்பு அனுமதி) எண்ணும் இரண்டுக்கும் பொது.

எந்த வழியானாலும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே ஏறுங்கள். கடலில் இறங்க நேர்ந்தால், கதவைத் தாண்டி வெளியே வந்தபிறகுதான் அதை ஊதவைக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளேயே ஊதிவிட்டால், தண்ணீர் ஏற ஏற ஆளைக் கூரையோடு அழுத்திவிடும்.