கோல் ஹார்பரா, வெஸ்ட் எண்டா?

கனடாவின் வான்கூவர் நகர மையத்தில் புதிய காண்டோ (வீடுகளைத் தனித்தனியாக விற்கும் அடுக்குமாடி) கோபுரம் என்றாலே, "கடைகளுக்கு வியாபாரம் பெருகும்" என்பார்கள். பெருகுமா? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளைப் பாருங்கள்.

கோல் ஹார்பரில் கண்ணாடிக் கோபுரங்கள், ஜன்னலைத் திறந்தால் கடலும் மலையும். கட்டும்போது பலருக்கு வேலை, பிறகு நகராட்சிக்குச் சொத்து வரி. இதை மறுக்க முடியாது. ஆனால் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிப்போட்ட வீடுகளும் அங்கே உண்டு. பொழுது சாய்ந்தபின் அண்ணாந்து பார்த்தால் விளக்கெரியாத ஜன்னல்கள் கண்ணில் படும். காலி வீடுகளுக்கென்றே நகராட்சி 2017இல் வீட்டு மதிப்பில் 1 சதவீதம் வரி போட்டது. 2021இல் அதை 3 சதவீதமாக்கியது. பூட்டிய வீடு காய்கறி வாங்காதே!

வெஸ்ட் எண்டில் 1950, 60களில் எழுந்த வாடகைக் கட்டடங்கள் ஏராளம். பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள்; டென்மன் தெருவுக்கு நடந்தே வந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், பையில் பழங்களுடன் திரும்புகிறார்கள். அந்தத் தெருவின் கல்லாப்பெட்டி அவர்களால்தான் நிறைகிறது.

என் ஓட்டு வெஸ்ட் எண்டுக்கே. ஒரே குறை, அந்தக் கட்டடங்களுக்கு வயதாகிவிட்டது. இடித்துக் கட்டினால் பழைய வாடகை திரும்பி வராது.