லண்டன் ஏ டு இசட்: வரைபடத்தைவிட அகரவரிசைதான் உசத்தி

செல்போன் வழி சொல்லாத காலத்தில் லண்டனில் வேன், மினிகேப் (முன்பதிவு செய்து அழைக்கும் வாடகைக் கார்), டெலிவரி என்று ஓட்டியவர்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது ஏ டு இசட் தெருப் புத்தகம். ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய பொருள் கடையில் சுருள் கம்பி போட்ட பதிப்பு கிடைத்தது. கொஞ்ச நாளாக ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு இதை வைத்தே ஓட்டிப் பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால் இதில் காசு கொடுக்கத் தகுந்தது பின்னால் இருக்கும் தெருப்பெயர் அகரவரிசைதான். லண்டன் என்பது பல ஊர்கள் ஒட்டிக்கொண்டு உருவான நகரம், அதனால் ஹார்ன்சியில் ஒரு ஹை ஸ்ட்ரீட், ஆக்டனில் ஒரு ஹை ஸ்ட்ரீட், சர்ச் ரோடு எத்தனை என்று எண்ணி முடியாது. வெறும் பெயரைக் கேட்டுக்கொண்டு கிளம்பினால் தொலைந்தோம். இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் நேராகத் தபால் வட்டாரம், பக்க எண், கட்டம் மூன்றும் இருக்கிறது, தேடி எடுக்க அரை நிமிஷம் ஆகாது. பெரிய சாலைகளில் கதவு எண்களை அங்கங்கே அச்சிட்டிருக்கிறார்கள், கடை எந்த முனையில் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். ஒருவழிப் பாதைக்கு அம்புக்குறியும் உண்டு.

பில்லிஸ் பியர்சால் என்ற பெண்மணி 1936இல் தொடங்கிய கம்பெனியின் புத்தகம் இது. அவர் 23,000 தெருக்களையும் நடந்தே பார்த்துக் குறித்தார் என்று ஒரு கதை உண்டு. வரைபட வரலாறு தெரிந்தவர்கள் பலர் அதை நம்புவதில்லை, அவருடைய அப்பாவே முன்பு வரைபடம் போட்டு விற்றவர் ஆயிற்றே. எனக்கும் சந்தேகம்தான்.

சரி, குறைக்கு வருவோம். நாம் போக வேண்டிய இடம் எப்போதும் பக்கத்தின் ஓரத்தில்தான் வந்து தொலைக்கும். கிழக்கே என்றால் அடுத்த பக்கம், வடக்கே என்றால் பல பக்கம் தள்ளிப் புரட்ட வேண்டும், அதுவும் சிக்னல் பச்சையாகும் நேரத்தில். தனியாக ஓட்டுபவருக்கு ஒரே வழி, கிளம்பும் முன்பே துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுவது: பப் தாண்டி இடது, ரயில் பாலத்துக்கு அடியில் நேராக, ரவுண்டபவுட்டில் மூன்றாவது வழி. அந்தக் காலத்து டிரைவர்கள் செய்ததும் இதைத்தான். பக்கத்து சீட்டில் படிக்க ஆள் இருந்தால் துண்டுக் காகிதம் வேண்டாம், ஆனால் சண்டை நிச்சயம்.

கறுப்பு டாக்சிக்காரர்கள் கதை வேறு. அவர்கள் உரிமம் வாங்க எழுதும் 'நாலெட்ஜ்' பரீட்சைக்காக சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களைத் தலையில் ஏற்றியாக வேண்டும், அதற்கான பாடப் புத்தகமான நீலப் புத்தகத்தில் மட்டும் 320 வழித்தடங்கள். மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் ஸ்கொயர் என்பதுதான் காலங்காலமாக முதல் பாடம். இதற்காக மொபெட்டில் வழி குறித்த அட்டையை மாட்டிக்கொண்டு மழையில் சுற்றும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு வருஷப் படிப்பு, நமக்கு அவ்வளவு பொறுமை ஏது.

வாங்குவதென்றால் சுருள் கம்பிப் பதிப்பையே வாங்குங்கள், சாதாரண பைண்டிங்கில் நடுமடிப்பு பாதித் தெருவை விழுங்கிவிடும். அச்சான வருஷத்தையும் பாருங்கள். 2003க்கு முந்தையதில் நெரிசல் கட்டண எல்லை (நகர மையத்துக்குள் வண்டி ஓட்டக் காசு கட்ட வேண்டிய பகுதி) இருக்காது, 2012 ஒலிம்பிக்குக்கு ரொம்ப முந்தையதில் ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்தில் பாதி வெறும் ரயில்வே நிலம். தினமும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இப்போது இது தேவையில்லை. லண்டனுக்குப் புதிதாக வந்து எந்த ஏரியாவுக்குப் பக்கத்தில் எது என்றே பிடிபடாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.