மேசை வாளுக்கு என்ன வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்

யாழ்ப்பாணத்தில் மேசை வாள், அதாவது மேசையின் நடுவில் பிளேட் சுழன்று மரம் வெட்டுகிற மெசின், வாங்குவது இப்போது பெரிய கதையில்லை. அதற்குப் பொருந்துகிற துணைச்சாமான் எடுப்பதுதான் கதை. நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் எடுத்த பிளேட், மரத்தை விலகாமல் அழுத்திப் பிடிக்கிற சீப்புப் பலகையான ஃபெதர்போர்ட், கை பிளேட்டுக்குக் கிட்டப் போகாமல் மரத்தைத் தள்ளுகிற தள்ளுகட்டை மூன்றையும் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், பாராட்டும் குறையும் கலந்துதான் இருக்கிறது.

முதலில் பிளேட். மெசினோடு வருகிறதைக் கழற்றி வைத்துவிட்டு நல்லதொன்று போட்டால் அதே மெசின் ஆளே மாறிவிடும், ஆகவே கையில் இருக்கிற காசில் பெரும்பங்கை இதில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. 10 அங்குல பிளேட்டில் 24 பல் என்றால் மரத்தை நீளவாக்கில் கிழிக்க, 60க்கு மேல் என்றால் பிளைவூட்டுக்கும் துப்புரவான குறுக்கு வெட்டுக்கும், 40 பல் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும். நான் எடுத்தது 40. வேம்பிலும் பலாவிலும் வடிவாகப் போகிறது. முதிரையை நீளத்துக்குக் கிழிக்கும்போது மட்டும் திணறுகிறது, கொஞ்சம் தயங்கித் தள்ளினாலும் ஓரம் கருகி மணக்கிறது, அந்த மரம் கனக்க வெட்டுகிறவர்கள் 24 பல்லிலும் ஒன்று வைத்திருங்கள். பழைய வீடு இடித்த நிலை, யன்னல் சட்டம் என்று மலிவாகக் கிடைக்கிற மரத்தை ஆணி பார்க்காமல் விட வேண்டாம், காபைட் பல் ஆணியில் பட்டால் உடைந்து தெறிக்கும்.

பல்லை எல்லாரும் எண்ணுகிறார்கள், துளையையும் தடிப்பையும் பார்ப்பவர்கள் குறைவு. துளை 15.88 மில்லிமீற்றரிலும் வரும், 25.4இலும் 30இலும் வரும், எந்த நாட்டுக்குச் செய்த மெசின் என்பதைப் பொறுத்தது. பெரிய துளைக்கு வளையம் போட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் அந்த வளையம் பிளேட்டின் தடிப்பைத் தாண்டி வெளியே நிற்கக் கூடாது. தடிப்பு இன்னும் முக்கியம். பிளேட்டுக்குப் பின்னால் அதோடு ஏறி இறங்குகிற தகடு இருக்கிறதே, ரைவிங் நைஃப், அது பிளேட்டின் உடம்பை விடத் தடிப்பாகவும் பல் வெட்டுகிற அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தகடு 2.5 மில்லிமீற்றர், பிளேட் வெட்டுவது 2.4 என்றால் மரம் பாதியில் போய் இறுகி நிற்கும். உடனே தகட்டைக் கழற்றி எறிகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், விசர் வேலை அது. வெட்டிய பிளவை மூடவிடாமல் பிடிப்பதே அந்தத் தகடுதான், அது இல்லாமல் பிளவு மூடிப் பிளேட்டைக் கவ்வினால் மரம் உங்கள் வயிற்றுக்குத்தான் திரும்பி வரும்.

இனி குறை. ஃபெதர்போர்ட் எடுக்கும்போது மேசையின் காடி, அதாவது மேல்தட்டில் நீளத்துக்கு ஓடுகிற பள்ளம், எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்று சொல்லித்தான் கேட்டேன். "எல்லா மெசினுக்கும் போகும் அண்ணை" என்றார் விற்ற தம்பி. போகவில்லை. அது 19 மில்லிமீற்றர் காடிக்குச் செய்தது, எங்கள் வீட்டுச் சின்ன மெசினின் காடி அதை விட ஒடுக்கம். திருப்பிக் கொண்டுபோனபோது காசு தரவில்லை, வேறு சாமான் எடுக்கச் சொன்னார்கள், அதற்குத்தான் தள்ளுகட்டை எடுத்தேன். ஃபெதர்போர்ட்டை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு பலகையின் நுனியைச் சரிவாக வெட்டி, சீப்பு மாதிரி ஒடுக்கமாகக் கீறி, கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்கிவிட்டால் சரி. பிளேட்டுக்கு முன்னால் மட்டும் வையுங்கள். பிளேட்டின் பக்கத்தில் வைத்தால் வெட்டுப்பட்ட துண்டைப் பிளேட்டோடு சேர்த்து நெரிக்கும்.

தள்ளுகட்டை பிளாஸ்ரிக், பிடி நல்லம், அடியில் உள்ள றப்பர் மரத்தூள் படிந்ததும் வழுக்குகிறது, ஈரத்துணியால் துடைத்தால் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் குதி வைத்துப் பிளைவூட்டில் வெட்டிய கட்டையும் இதே வேலையைச் செய்யும், பல் பட்டாலும் கட்டைக்குத்தான் காயம்.

குறுக்கு வெட்டுக்கான ஸ்லெட், அதாவது மரத்தை மேலே வைத்துப் பிளேட்டை நோக்கித் தள்ளுகிற தட்டு, கடையில் கேட்கவேயில்லை, 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் நானே செய்தேன். மரநாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகையில் செய்ய வேண்டாம், எங்கள் ஊர் மாரிக்கு ஊதிவிடும். காடியில் ஓடுகிற சட்டத்தைத் தேக்கில் போட்டேன், கார்த்திகை மழையில் கொஞ்சம் இறுகியது, மெழுகு தேய்த்ததும் ஓடியது. மரத்தை அணைத்து வைக்கிற பின்சட்டத்தை மூலைமட்டம் வைத்துப் பிடித்தால் மட்டும் போதாது, அகலமான துண்டொன்றை வெட்டி, ஒரு பாதியைப் புரட்டி மற்றதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், கோணம் பிழைத்திருந்தால் இடைவெளி இரட்டிப்பாகத் தெரியும்.

பிளேட்டுக்கு அந்தக் கடைக்குத் திரும்பவும் போவேன், மற்றச் சாமானுக்குப் போகமாட்டேன். போகிறவர்கள் பழைய பிளேட்டையும் ரைவிங் நைஃபையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், காடியின் அகலத்தைத் துண்டில் எழுதிக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் காசு திரும்பவருமா என்பதை பில் போட முதல் கேளுங்கள்.