கிட்னி பிரச்சனை இருக்குற பெரியவங்களுக்கு பெரம்பூர்ல ஒரு நல்ல பிசியோ சென்டர்

வீட்ல வயசானவங்களுக்கு கிட்னி பிரச்சனை இருந்து, கால்ல தெம்பே இல்ல, நாலு அடி வச்சா அசந்து போகுதுன்னு சொல்றாங்கன்னா பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் இருக்குற இந்த சின்ன பிசியோ சென்டருக்கு தாராளமா கூட்டிட்டு போங்க. எங்கப்பாவுக்கு 71 வயசு, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு, சுகர், பிபி, கிட்னி ஸ்டேஜ் 3 (அஞ்சு கட்டத்துல மூணாவது), டயாலிசிஸ் வரைக்கும் போகல. சொந்தக்காரங்க வர்றவங்க எல்லாம் கிட்னி வீக்கானவரு அலையக்கூடாது ரெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி சொல்லி மனுஷன் கட்டில விட்டே எந்திரிக்காம ஆயிட்டாரு. கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஆசிட் ஏறும், அதுலயே தசை கரைய ஆரம்பிக்கும், அதோட படுத்தே கிடந்தா தொடை வத்தாம என்ன பண்ணும்.

எனக்கு முதல்ல பிடிச்சதே, வந்த உடனே எக்சர்சைஸ்னு இழுத்து விடல. ரிப்போர்ட்ட ஃபுல்லா படிச்சாங்க, மாத்திரை சீட்ட பாத்தாங்க, பிபி, சுகர் பாத்துட்டு, காரிடார்ல 6 நிமிஷம் நடக்க விட்டு எவ்ளோ தூரம்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் கை இல்லாத சேர்ல உக்கார வச்சு, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை எந்திரிச்சு உக்காருறீங்கன்னு பாக்கலாம்ப்பான்னு சொன்னாங்க. 7 தான் வந்துச்சு, அதுவும் கடைசி ஒண்ணுக்கு முட்டி நடுங்குது. அவர் வயசு ஆம்பளைங்களுக்கு 12 ஆச்சும் வரணுமாம். இப்ப 11 வருது, வீட்ல இண்டியன் டாய்லெட்டுக்கு போக யாரையும் கூப்புடுறதில்ல, எனக்கு இதுவே பெருசு.

பயிற்சின்னு பாத்தா பெருசா மெஷின்லாம் இல்ல. சேர், ரப்பர் பேண்ட், சுவத்த பிடிச்சுக்கிட்டு குதிகால தூக்குறது, ஒத்தக் கால்ல நிக்கிறது, கடைசியா நடை. சுவத்துல 6ல இருந்து 20 வரைக்கும் நம்பர் போட்ட சார்ட் ஒண்ணு ஒட்டியிருக்கு, எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு அப்பா அதுல விரல வச்சு காட்டணும், 12, 13 தாண்டினா பயிற்சி குடுக்குற பிசியோ பொண்ணு நிறுத்திடுது. பிபிக்கு சாப்பிடுற சில மாத்திரைல நாடித்துடிப்பு சரியா ஏறாது, அதனால துடிப்ப மட்டும் நம்ப முடியாதுன்னு பொறுமையா விளக்குனாங்க. டயாலிசிஸ்க்காக கைல ஃபிஸ்டுலா (ரெண்டு ரத்தக்குழாய சேத்து வைக்கிற ஆபரேஷன்) போட்ட ஒரு அம்மாவும் வர்றாங்க, அந்த கைல பிபி பட்டைய கட்டவே மாட்டாங்க.

கிரியேட்டினின், அதான் கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவோட அளவு, குறையுமான்னு அந்த பிசியோ பொண்ணுகிட்ட நேராவே கேட்டேன். "அதுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்க்கா, கால் பலம், நடை, மூச்சு, இதுல முன்னேற்றம் காட்றேன்"ன்னு சொன்னாங்க. கிட்னிய சரி பண்றேன்னு லேகியம் விக்கிறவங்க இருக்குற ஊர்ல இந்த பதிலுக்காகவே காசு குடுக்கலாம். 2024ல வந்த கேடிகோ (KDIGO, கிட்னி நோய்க்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டியும் உடம்பு தாங்குற அளவுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு தான் சொல்லுது. இத்தாலில டயாலிசிஸ் பேஷண்ட்ஸ வீட்லயே நடக்க வச்சு பாத்த ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, 6 மாசத்துல 6 நிமிஷ நடை சராசரியா 328 மீட்டர்ல இருந்து 367 ஆயிருக்கு.

இன்னொரு விஷயம், நடந்துட்டு வந்த உடனே இளநீர் குடிக்காதீங்கப்பான்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நம்ம பக்கம் பார்க் வாசல்லயே இளநீர் வண்டி நிக்குது, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, கிட்னி வீக்கா இருந்தா அது ஹார்ட்டயே பாதிக்கும், டாக்டர கேக்காம தொடாதீங்க. முட்டி வலிக்கு மெடிக்கல்ல டைக்லோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை வாங்கி போடுறதும் அப்படித்தான், கிட்னிக்கு ஆகவே ஆகாது.

குறைன்னா, சென்டர் முதல் மாடில இருக்கு, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் தான். நடக்க முடியாதவங்க வர்ற எடத்துக்கு இது ரொம்ப தப்பு, ஓனர் இத முதல்ல சரி பண்ணணும். சாயந்தரம் கூட்டம், காலைல போனா நல்லா கவனிப்பாங்க.

ஒரு நாளைக்கு 350 ரூபா. அது முடியாதவங்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கேட்டுப் பாருங்க, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறது அதுல இருக்கு. இங்க வர்றதா இருந்தா கடைசியா எடுத்த பிளட் ரிப்போர்ட்டும் கிட்னி டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டும் வேணும், அது இல்லாம சேத்துக்க மாட்டாங்க.